திருமணம் மீறிய உறவுக்குத் தண்டனை உண்டா? சட்டம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும்

கணவனுக்கோ மனைவிக்கோ வேறொருவருடன் உறவு இருப்பது தெரியவந்ததும், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது "ஸ்டேஷனில் ஒரு கம்ப்ளெயின்ட் கொடு" என்பதுதான். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு வாங்கிக்கொள்வார்கள், மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். வேறு குற்றம் எதுவும் சேராதவரை எஃப்.ஐ.ஆர். வராது. இத்தனை பெரிய துரோகத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

இடம் உண்டு. அது காவல் நிலையத்தில் இல்லை, குடும்பநல நீதிமன்றத்தில் இருக்கிறது. ஏன் அங்கே போனது, அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முதலிலிருந்து பார்ப்போம். இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தியச் சட்டம்.

497 என்ற பழைய பிரிவு

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497-ஆம் பிரிவு இருந்தது. மெக்காலே 1837-இல் தயாரித்த முதல் வரைவில் இது இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். இன்னொருவரின் மனைவி என்று தெரிந்தே, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் அவளுடன் உறவு கொள்ளும் ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பெண்ணை உடந்தையாகக்கூடத் தண்டிக்க முடியாது.

மேலோட்டமாகப் படித்தால் பெண்ணுக்குச் சாதகமான சட்டம் போலத் தெரியும். வாசகத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. "கணவனின் சம்மதம் இல்லாமல்" என்பதைக் கவனியுங்கள். கணவன் சம்மதித்தால் குற்றமே கிடையாது. திருமணமான ஆண் ஒருவன், திருமணமாகாத பெண்ணுடனோ கணவனை இழந்த பெண்ணுடனோ உறவு வைத்தாலும் குற்றம் கிடையாது. ஏமாற்றப்பட்ட மனைவி, தன் கணவன் மீதோ அந்த இன்னொரு பெண் மீதோ புகார் கொடுக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198(2) பிரிவு புகார் கொடுக்கும் உரிமையைப் பெண்ணின் கணவனுக்கு மட்டுமே தந்தது. அவர் ஊரில் இல்லாதபோது, அவர் சார்பாக அவளைக் கவனித்துக்கொள்பவருக்கு நீதிமன்ற அனுமதியுடன் தந்தது. வீட்டையோ வயலையோ மேற்பார்வைக்கு விட்டுப் போகிறவருக்கு எழுதும் ஏற்பாடு போலவே இது இருக்கிறது.

தமிழில் நாம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் "பிறன்மனை" என்ற சொல்லிலும் இதே பார்வை உண்டு. தவறு எங்கே என்றால், அவள் இன்னொருவனுக்கு உரியவள் என்பதில். மனைவிக்குக் கணவன் செய்யும் துரோகத்தைக் குறிக்க அதே அளவு புழக்கமான சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. சட்டமும் மொழியும் ஒரே மண்ணில் முளைத்தவை.

1954-லும் 1985-லும் 1988-லும் இந்தப் பிரிவை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. பொதுவாக மயக்குபவன் ஆண்தான், பெண் அல்ல என்பது 1985 தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. இதற்கிடையே 1971-இல் சட்ட ஆணையமும் 2003-இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் குழுவும் பெண்ணையும் தண்டனைக்குள் கொண்டுவரச் சொல்லிப் பரிந்துரைத்தன. அதாவது அநீதியைச் சமமாகப் பங்கிடச் சொன்னார்கள்.

2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாக 497-ஐ ரத்து செய்தது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுடன் கான்வில்கர், நாரிமன், டி.ஒய். சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா ஆகியோர் அமர்ந்தார்கள். 1985 தீர்ப்பை எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட், அதைத் தவறென்று எழுதிய அமர்வில் இருந்தவர் அவருடைய மகன். காரணங்கள் மூன்று: சட்டத்தின் முன் சமத்துவம் (14-ஆம் உறுப்பு), பாலினப் பாகுபாடு கூடாது (15), தனிமனித வாழ்வும் கண்ணியமும் (21). மணமுறிவுக்குக் காரணமாக இருப்பதை இத்தீர்ப்பு தொடவில்லை. இதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தீர்ப்பு வந்த வாரத்தில் "கள்ளக்காதலுக்கு அனுமதி" என்று பரவிய பேச்சு முழுத் தவறு. சிறைக் கதவு மட்டும் மூடப்பட்டது.

2023 நவம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு இந்தக் குற்றத்தை இருபாலருக்கும் பொதுவாக்கித் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு: முப்படைச் சட்டங்களின் கீழான ஒழுங்கு நடவடிக்கையை 2018 தீர்ப்பு தடுக்காது என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இன்னும் குற்றமாக இருப்பவை

உறவு குற்றம் அல்ல என்றாலும், அதை ஒட்டி நடக்கும் சில செயல்கள் குற்றம். முதல் திருமணம் முறியாமல் இருக்க இரண்டாவது திருமணம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் 10 ஆண்டு வரை. சேர்ந்து வாழ்வது மட்டும் போதாது, திருமணம் முறையாக நடந்ததை நிரூபிக்க வேண்டும். வட இந்தியாவில் பல வழக்குகள் ஏழடி எடுத்து வைத்த சடங்கை நிரூபிக்க முடியாமல் விழுந்துவிடும். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தை ஏற்பதால், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியதோ மோதிரம் போட்டதோ தாலி கட்டியதோ போதும். 2001-இல் உச்ச நீதிமன்றம் இதே பிரிவை வைத்து, இங்கே சப்தபதி (அந்த ஏழடிச் சடங்கு) தேவையில்லை என்று இருதார வழக்கொன்றில் சொன்னது. ஆகவே இரண்டாவது திருமணத்தின் புகைப்படமும், அங்கே இருந்த இரண்டு சாட்சிகளும் இங்கே பெரிய ஆதாரம்.

கணவனின் வேறு உறவு மட்டுமே 85-ஆம் பிரிவின் (பழைய 498-ஏ) கொடுமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2016-லும் சொல்லியிருக்கிறது. அடி, மிரட்டல், பணம் கேட்டுத் தொல்லை, தற்கொலைக்குத் தள்ளும் அளவு வதை சேர்ந்தால்தான் ஆகும். புகாரில் "அவருக்கு வேறு பெண்ணுடன் தொடர்பு" என்று பத்து வரி எழுதி, அடித்ததை ஒரே வரியில் எழுதுபவர்கள் நிறைய. வழக்கு நிற்பது அந்த ஒரு வரியில்தான். தேதி, இடம், சிகிச்சைச் சீட்டு எல்லாம் அதற்குத்தான் வேண்டும்.

84-ஆம் பிரிவு ஒன்று மிச்சம் இருக்கிறது: இன்னொருவரின் மனைவியை உறவுக்காக ஆசை காட்டி அழைத்துச் செல்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை. 497-இன் தம்பி இது. 2018 தீர்ப்பின் காரணங்கள் இதற்கும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆனால் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மனைவி வீட்டைவிட்டுப் போனால் "காணவில்லை" என்று புகாரோ, உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோ போடுகிறார்கள். அவர் 18 வயது நிரம்பியவர். நீதிபதி முன் நின்று "என் விருப்பத்தில்தான் போனேன்" என்று சொன்னால் விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம். யாரும் இழுத்துவர முடியாது.

மணமுறிவு வழக்கில் இது எப்படி வேலை செய்கிறது

இந்து திருமணச் சட்டம் (1955) 13(1)(i) பிரிவின்படி, திருமணத்துக்குப் பிறகு கணவனோ மனைவியோ வேறொருவருடன் தானாக விரும்பி உடலுறவு கொண்டால் மற்றவர் மணமுறிவு கேட்கலாம். 1976-க்கு முன்பு "தொடர்ந்து அப்படி வாழ்வதை" நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு முறை போதும். சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கான 1869 மணமுறிவுச் சட்டத்திலும் இது காரணமாக உண்டு. இந்தச் சட்டங்களில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவுகோல்.

திருமணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக மனு போட முடியாது. அளவு கடந்த துன்பம் இருந்தால் நீதிமன்ற அனுமதியுடன் முடியும்.

மனுவில் "வேறு தொடர்பு இருக்கிறது" என்று மொட்டையாக எழுதினால் பயன் இல்லை. யாருடன், எங்கே, ஏறத்தாழ எந்தத் தேதிகளில் என்ற விவரம் வேண்டும். அந்த மூன்றாம் நபரின் பெயர் தெரிந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது வழக்கம்; சேர்க்காத மனு அந்தக் காரணத்தாலேயே தடுமாறும். நிரூபணத்தின் அளவு, கொலை வழக்கில் போல ஐயத்துக்கு இடமில்லாத அளவு அல்ல. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எடைபோட்டால் போதும் என்பது 1975-இலிருந்து நிலைத்த சட்டம். கண்ணால் கண்ட சாட்சி யாருக்கும் கிடைக்காது, நீதிமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. விடுதிப் பதிவு, சேர்ந்து எடுத்த வீட்டு வாடகை ஒப்பந்தம், குறுஞ்செய்திகள், பயணச் சீட்டுகள், அக்கம்பக்கத்தார் சாட்சியம் எனச் சூழ்நிலையை அடுக்கிக் காட்ட வேண்டும்.

வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் நான்கு இடங்களில்.

முதலாவது, மன்னிப்பு. 23(1)(b) பிரிவின்படி, தெரிந்தபின் மன்னித்துத் திரும்பத் தாம்பத்தியம் நடத்தியிருந்தால் அந்தப் பழைய சம்பவத்தை வைத்து மணமுறிவு கேட்க முடியாது. குழந்தைக்காகச் சேர்ந்திருந்து பார்ப்போம் என்று ஆறு மாதம் ஒரே அறையில் வாழ்ந்தவர், பிறகு அதே சம்பவத்துடன் நீதிமன்றம் வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உறவு மறுபடி தொடங்கினால் பழையதும் உயிர்பெறும். அதனால் மன்னிப்பதாக இருந்தால் மன்னியுங்கள், ஆனால் எந்தத் தேதியில் எது தெரிந்தது என்று குறித்து வையுங்கள்.

இரண்டாவது, போன். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்து வந்து, மூலக் கருவியைப் பழுதென்று கடையில் போட்டுவிட்டவர்கள் குறுக்கு விசாரணையில் திணறுவார்கள். 2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களை ஆதாரமாக ஏற்க மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்கு இடையே நடந்த உரையாடலை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் மணமுறிவு வழக்கில் தாக்கல் செய்யலாம் என்றது. ஆதாரமாக ஏற்பது வேறு, அதை எடுத்த வழி குற்றமா என்பது வேறு. துணையின் போனில் உளவுச் செயலி போடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரியது. துப்பறியும் ஆள் மூலம் அழைப்புப் பட்டியல் வாங்குவதும் வழக்கில் போய் முடியும்.

மூன்றாவது, குழந்தையை வைத்து நிரூபிக்கப் பார்ப்பது. திருமணம் நீடிக்கும்போதோ, முறிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தை என்பதுதான் சட்டத்தின் முடிவு. அந்தக் காலத்தில் இருவரும் கூடவே வாய்ப்பில்லை என்று காட்டினால் மட்டுமே அதை உடைக்கலாம். மனைவியின் நடத்தையை நிரூபிப்பதற்காகக் குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனையைச் சாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றோர் சண்டையில் தன் அப்பா யார் என்ற கேள்வியைச் சுமக்கும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. இந்த விதி இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

நான்காவதுதான் பலரைக் கவிழ்ப்பது. நிரூபிக்க முடியாத நடத்தைக் குற்றச்சாட்டே மனக் கொடுமை. மனைவியைக் கேவலமாகக் குற்றம் சாட்டிப் பதிலுரையில் எழுதிய கணவருக்கு எதிராக, அந்த எழுத்தையே கொடுமையாகக் கொண்டு மனைவிக்கு மணமுறிவு கொடுத்ததை 2003-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னால் அந்த வரிகளைத் திருத்தி நீக்கியதும் அவரைக் காப்பாற்றவில்லை. கோபத்தில் எழுதும் மனு, எழுதியவரையே சுடும்.

இதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் பலர் இந்தக் காரணத்தைத் தனியாகப் போடாமல் கொடுமை என்ற காரணத்துடன் சேர்த்துப் போடுகிறார்கள், அல்லது 13-பி பிரிவின் பரஸ்பர சம்மத வழிக்குக் கொண்டுபோகிறார்கள். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் கூட்டு மனு. அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு உண்டு.

ஜீவனாம்சம்: இன்னும் மிச்சமிருக்கும் தண்டனை

சிறை போய்விட்டது, பணத்தில் தண்டனை இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144(4) பிரிவு (பழைய 125(4)), மனைவி வேறொருவருடன் தொடர்ந்து உறவில் வாழ்ந்துவந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்கிறது. "வாழ்ந்துவந்தால்" என்பதுதான் சாவி. எப்போதோ நடந்த ஒன்று, ஒரு முறை தவறியது, பழைய புகைப்படம் எதுவும் போதாது. மனு போடும் காலத்தையொட்டி அந்த வாழ்க்கை நடப்பதாகக் கணவர் நிரூபிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றங்கள் மறுபடி மறுபடி சொல்கின்றன. குழந்தையின் பங்கை இது தொடவே தொடாது. அம்மா யாருடன் வாழ்ந்தாலும் அப்பா குழந்தைக்குக் கொடுத்தாக வேண்டும்.

இந்து திருமணச் சட்டத்தின் 25(3) பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் வாங்கும் கணவனுக்கும் மனைவிக்கும் நிபந்தனை உண்டு. நடைமுறையில் வாங்குபவர் மனைவிதான் என்பதால், இந்தத் தண்டனை எப்போதும் சம்பாத்தியம் இல்லாதவர் மேல்தான் விழுகிறது. நன்றாகச் சம்பாதிக்கும் கணவன் பத்து ஆண்டு வேறு வீடு வைத்திருந்தால் அவன் கையைவிட்டுப் போவது என்ன? வழக்கமாகக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் மட்டும். துரோகத்துக்கு என்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை. 497 செத்தபின்னும் அதன் சாய்வு இங்கே பிழைத்திருக்கிறது. இந்தப் பிரிவை நீக்கி, தேவையும் வருமானமும் மட்டுமே கணக்கு என்று ஆக்குவது நியாயம்.

மற்ற நாடுகள் கண்டது

இருபாலரையும் சமமாகச் சிறைக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். 1953 முதல் அங்கே ஆண், பெண் இருவருக்கும் 2 ஆண்டு வரை சிறை இருந்தது. புகார் கொடுக்க முதலில் மணமுறிவுக்கு மனு போட்டிருக்க வேண்டும். ஆகவே புகார் என்பது பெரும்பாலும் பணப் பேரத்தில் வைக்கும் கத்தியானது. நான்கு முறை தப்பிய சட்டத்தை 2015 பிப்ரவரி 26 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. தைவானில் தண்டனை ஓராண்டு வரை. துணை மீதான புகாரை மட்டும் திரும்பப் பெற்று, மூன்றாம் நபர் மீதான வழக்கை நடத்தலாம் என்று விதி. மனைவியர் கணவனை மன்னித்து மற்றப் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றினார்கள். பாலினம் பார்க்காத சட்டம், பெண்களையே அதிகம் தண்டித்தது. 2020 மே 29 அன்று அதுவும் போனது. நியூயார்க் மாநிலம் 1907-இலிருந்து இருந்த தன் சட்டத்தை 2024 நவம்பரில் நீக்கியது.

சிறையை நீக்கிய பின்னும் தென்கொரியாவில் இழப்பீட்டு வழக்கு இருக்கிறது, ஜப்பானிலும் உண்டு. இலங்கையில் இது குற்றம் அல்ல, மணமுறிவுக்குக் காரணம். மூன்றாம் நபரிடம் இழப்பீடும் கேட்கலாம். இந்தியாவில் அப்படியொரு எழுதப்பட்ட சட்டம் இல்லை என்றாலும், 2025 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், மணவாழ்வைக் கலைத்ததாக மூன்றாம் நபர் மீது ஒரு மனைவி போட்ட உரிமையியல் வழக்கை விசாரணைக்கு ஏற்றது. இது தொடக்கம்தான், இதை நம்பி யாரும் கணக்குப் போடக் கூடாது.

ஊர் தரும் தண்டனை

கட்டப்பஞ்சாயத்து கூட்டி அபராதம் போடுவது, ஊரைவிட்டு விலக்கி வைப்பது, முடியை வெட்டுவது, காலில் விழவைப்பது. சட்டம் கைவிட்ட இடத்தை ஊர் நிரப்புகிறது என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்று அழுத்தமாகச் சொன்னது. அங்கே உட்கார்ந்து அபராதம் வசூலிப்பவர், விசாரிக்கப்பட்டவர் செய்ததைவிடப் பெரிய குற்றத்தைச் செய்கிறார்.

இப்போது பஞ்சாயத்து வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. துணையின் அந்தரங்கப் படத்தை உறவினர் குழுவில் போட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பாலியல் செயல் தெரியும் காணொளியானால் 67-ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 5 ஆண்டு வரை. ஏமாற்றப்பட்டவர் குற்றவாளியாகும் மிக வேகமான வழி இது. ஒரே ஒரு பகிர்வு போதும், மணமுறிவு வழக்கின் முழு எடையும் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

செய்தித்தாள்களின் "கள்ளக்காதல்" தலைப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். படம் போடப்படுவது பெரும்பாலும் பெண்ணுடையது, படிப்பது அவளுடைய பிள்ளையின் வகுப்புத் தோழர்கள். குடும்பத்தினர் ஒருவருடன் பேச்சை நிறுத்துவதோ நண்பர்கள் விலகுவதோ அவரவர் உரிமை. ஆனால் கூட்டமாகச் சேர்ந்து அவமானப்படுத்துவதில் அளவும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

உண்மையில் எது குறை

ஏமாற்றப்பட்டவரின் கோபம் நியாயமானது. அவருக்கு ஏதோ ஒன்று கிடைத்தாக வேண்டும். அது மற்றவரின் சிறைவாசம் அல்ல, தன் வாழ்க்கையை மறுபடி நிறுத்திக்கொள்ளத் தேவையான வீடும் பணமும். கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர இந்தியாவில் மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் கணவன் மனைவிக்குப் பாதி என்ற சட்டம் இல்லை. பத்திரத்தில் யார் பெயரோ, சொத்து அவருடையது. இருபது ஆண்டு வீட்டைக் கட்டிக் காத்த பெண், துரோகத்துக்குப் பின் மாதத் தொகை கேட்கும் மனுதாரராக மட்டும் நிற்கிறார். 497-ஐத் திரும்பக் கொண்டுவரக் கேட்கும் குரல்கள் இந்த ஒரு சட்டத்தைக் கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கும்.

அது வரும்வரை கையில் இருப்பவற்றைப் பயன்படுத்த வேண்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) அடியோ மிரட்டலோ மன வதையோ பணத்தை முடக்கிவைப்பதோ இருக்குமிடத்தில் பெண்ணுக்கு அதே வீட்டில் தொடர்ந்து வாழும் உத்தரவைத் தரும், வீடு அவர் பெயரில் இல்லாவிட்டாலும். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், தொகை மனு போட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆகவே சண்டையிட்டு வெளியேறும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை: திருமணப் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கைகள், கணவரின் சம்பளச் சீட்டு அல்லது வருமான வரிப் படிவத்தின் நகல், வீட்டுப் பத்திர நகல், நகை ரசீதுகள், குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள். வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் அதே மனுவுடன் சேர்த்து விண்ணப்பிக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்ணுக்கு, வருமான வரம்பு பார்க்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை நியமித்துத் தரும்.